குஞ்சுகளுக்கான வெப்பத் தகடு: பொரித்த குஞ்சுக்கும் காயம்பட்ட கோழிக்கும் எவ்வளவு பயன்படுகிறது?

தாய்க்கோழியின் துணையின்றிக் குஞ்சுகளை வளர்க்க நேரும்போது முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது தீவனம் அன்று, வெப்பம். இதற்காக நெடுங்காலமாகப் பெட்டியின் மேலே தொங்கவிடப்படும் வெப்ப விளக்கே பயன்பட்டு வந்தது. அதற்கு மாற்றாக, நான்கு கால்களின் மீது மேசை போல நிற்கும், அடிப்பக்கம் மட்டும் சூடாகும் மின் தகடுகள் இப்போது பல அளவுகளில் கிடைக்கின்றன. வெவ்வேறு தயாரிப்பாளர்களின் தகடுகளைக் கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு, காடைக்குஞ்சு ஆகியவற்றுக்கும், காயம்பட்டு உள்ளே கொண்டுவரப்பட்ட வளர்ந்த கோழிகளுக்கும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எந்த ஒரு நிறுவனத்தையும் முன்னிறுத்தாமல், இந்த வகைக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையே இங்கே பேசப் போகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடமாடும் குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. நகர முடியாத பறவைக்கோ, அதே தகட்டை முற்றிலும் வேறு விதமாக, கண்காணிப்புடன் பயன்படுத்தினால் மட்டுமே நன்மை கிடைக்கும்.

கோழி முட்டையை அடைகாக்கும் கருவியில் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 21 நாட்கள் இருந்து வெளிவரும் குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முழுமையாக வந்திருக்காது. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. பொரித்த குஞ்சின் வெப்பம் அதைவிட ஓரிரு டிகிரி குறைவு. அதன் மேலிருக்கும் மென்மயிர் காய்ந்திருக்கும் வரைதான் ஓரளவு காக்கும், நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது. உண்மையான இறகுகள் உடல் முழுவதும் மூட ஐந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. அதனால்தான் முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் கொடுத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, சுமார் 21 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கணக்கு வழக்கில் இருக்கிறது. இந்தக் கணக்கு விளக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெட்டியின் காற்றையும் தரையையும் சூடாக்குவது விளக்கின் வேலை. தன்னைத் தொட்டு நிற்கும் முதுகை மட்டும் சூடாக்குவது தகட்டின் வேலை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் தகட்டை வாங்குகிறவர்கள் முதல் நாளிலேயே அதன் மீது நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். தகட்டின் கீழே வெப்பமானியை வைத்தால் அது 25 அல்லது 26 டிகிரியைக் காட்டலாம். அதைப் பார்த்துக் கருவி பழுதென்று எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. தாய்க்கோழியின் வயிற்றடியில் புகுந்திருக்கும் குஞ்சுக்கும் வெப்பம் காற்றின் வழியே வருவதில்லை, முதுகு தொடும் இடத்தில்தான் கிடைக்கிறது.

விளக்கிலிருந்து தகட்டுக்கு மாறுவதற்கு முதல் காரணம் தீ. வெப்ப விளக்குகள் பெரும்பாலும் 175 அல்லது 250 வாட் திறன் கொண்டவை. தொங்கும் சங்கிலி நழுவினாலோ, வளர்ந்த குஞ்சு ஒன்று பறந்து மோதினாலோ, காய்ந்த மரச்சீவலின் மீது அந்த விளக்கு விழுந்து தீப்பற்றிவிடும். கோழிக்கூடுகளும் அவற்றை ஒட்டிய வீடுகளும் எரிவதற்கு இது அறியப்பட்ட காரணம். நடுத்தரத் தகடு ஒன்றின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் நன்றாகச் சூடு உறைக்கும், ஆனால் கையை உதறி எடுக்கத் தோன்றாது. மரச்சீவலைப் பற்றவைக்கும் சூடு அதில் இல்லை. மின்சாரச் செலவிலும் பெரிய வேறுபாடு உண்டு. 250 வாட் விளக்கு ஒரு நாள் முழுவதும் எரிந்தால் 6 யூனிட் செலவாகும். 20 வாட் தகடு அதே நேரத்தில் அரை யூனிட்டைக்கூட எட்டாது. வாரக்கணக்கில் இரவும் பகலும் ஓட வேண்டிய கருவி என்பதால் இந்த வேறுபாடு சேர்ந்துகொண்டே போகும்.

விளக்கில் இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. உடைந்தாலும் சிதறாது என்று விற்கப்படும் சில வெப்ப பல்புகளின் கண்ணாடி மீது, நான்-ஸ்டிக் பாத்திரங்களில் பூசப்படும் அதே டெஃப்ளான் வகைப் பூச்சு இருக்கிறது. அது மிகையாகச் சூடேறும்போது வெளியிடும் ஆவி மனித மூக்குக்கு எட்டாமலே பறவைகளின் நுரையீரலைத் தாக்கிச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். சுற்றியிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாமல், பெட்டியில் உள்ள குஞ்சுகள் மட்டும் மூச்சுத் திணறி வரிசையாக மடியும். வேறு வழியின்றி விளக்கையே பயன்படுத்துவோர் அதன் உறையில் இந்தப் பூச்சு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

தகட்டின் அடுத்த நன்மையை எண்ணால் சொல்ல முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சம் எரியும் பெட்டியில் குஞ்சுகள் துண்டு துண்டாகத்தான் உறங்கும், ஒன்றன் கால் விரலை மற்றொன்று கொத்தும். தகட்டின் கீழே இருட்டு இருக்கிறது. மாலையில் அறை விளக்கை அணைத்ததும் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைகின்றன. உள்ளே இடம் பிடிக்கும் சலசலப்பு சற்று நேரம் இருக்கும். பிறகு ஒரு மெல்லிய, நடுங்கும் ஒலி எழுந்து, அதுவும் அடங்கிவிடும். விடியும் வரை சத்தமே இருக்காது. பொழுது விடிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்து தீவனத்தைத் தேடும். இப்படிப் பகலும் இரவும் பிரிந்து வளர்ந்த குஞ்சுகளிடம் இறகு கொத்தும் பழக்கம் குறைவாக இருப்பதையும், பின்னாளில் கூட்டுக்கு மாற்றும்போது இருட்டைக் கண்டு அவை மிரளாமல் இருப்பதையும் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதல் சில மணி நேரம் மட்டும் கவனம் தேவை. அடைகாக்கும் கருவியில் பொரித்த குஞ்சுக்குத் தகடு என்றால் என்னவென்று தெரியாது, அழைத்துச் சொல்லித்தரத் தாயும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒரு முறை நனைத்துக் காட்டுவது போலவே, ஒவ்வொன்றையும் கையால் தகட்டின் கீழே தள்ளிவிட வேண்டும். வெளியே வந்து உரக்கக் கத்தினால் மீண்டும் தள்ள வேண்டும். பெரும்பாலான தொகுதிகளில் ஒன்றிரண்டு குஞ்சுகள் விரைவில் கற்றுக்கொள்ளும், மற்றவை அவற்றைப் பின்தொடரும். தகட்டின் உயரத்தைக் குஞ்சின் முதுகு அடிப்பக்கத்தை உரசும்படி வைக்க வேண்டும். நின்றபடியே தொடும் உயரமே சரியானது. ஒரு பக்கக் கால்களைச் சற்றுத் தாழ்வாகவும் மறுபக்கக் கால்களைச் சற்று உயரமாகவும் வைத்துத் தகட்டைச் சாய்த்துவிட்டால், சிறியதும் பெரியதுமாக இருக்கும் குஞ்சுகள் தத்தமக்கு ஏற்ற இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும். குஞ்சுகளின் வளர்ச்சி வேகமானது என்பதால் சில நாட்களுக்கு ஒரு முறை உயரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மறக்கும்போதுதான் வெளியே கூட்டமாக நின்று நடுங்கும் குஞ்சுகளைப் பார்க்க நேர்கிறது. அவை உள்ளே போக விரும்பாமல் நிற்கவில்லை, நுழைய இடமில்லாமல் நிற்கின்றன.

வெப்பம் போதுகிறதா என்பதைக் குஞ்சுகளே சொல்லிவிடும். பகலிலும் உள்ளேயே முடங்கி, தீவனம் எடுக்க வெளியே வராமல் கீச்சிட்டுக் கத்தினால் அறை மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். தகட்டை விட்டு விலகிப் பெட்டியின் ஓரங்களில் சிறகைத் தளர்த்திப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அறையே சூடாக இருக்கிறது. ஓடுவதும், கொத்துவதும், சற்று நேரம் உள்ளே போய்த் திரும்பி வருவதுமாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். எச்சவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்வது முதல் வாரத்தில் அடிக்கடி வரும் தொல்லை. வெப்பம் மிகுந்தாலும் குறைந்தாலும், பயணக் களைப்பாலும் அது வருகிறது. தகட்டுக்கு மாறிய பிறகு எனக்கு அது வெகுவாகக் குறைந்தது என்றாலும், தினமும் ஒவ்வொரு குஞ்சையும் திருப்பிப் பார்க்கும் வேலையை எந்தக் கருவியும் மிச்சப்படுத்திவிடாது. ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் மெல்லிய தோல் கிழிந்துவிடும்.

இனிக் குறைகளைச் சொல்கிறேன். உறையின் மேல் அச்சிட்டிருக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையை நம்பக் கூடாது. இருபது குஞ்சுகளுக்குப் போதும் என்று குறிப்பிட்டிருந்தால், அது பொரித்த அன்றைய குஞ்சுகளுக்கே பொருந்தும். மூன்றாவது வாரத்தில் அதில் பாதிக்குத்தான் இடம் இருக்கும். குளிர்ந்த அறைகளில், அதிலும் 10 டிகிரிக்குக் கீழே போகும் கொட்டகைகளில், சிறிய தகடுகள் திணறுகின்றன. அத்தகைய இடங்களில் தகட்டை மட்டும் நம்பாமல் பெட்டியைச் சுற்றிலும் காற்றடைப்புச் செய்ய வேண்டும், அல்லது குஞ்சுகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காடைக்குஞ்சுகளுக்குப் பல தகடுகளின் மிகத் தாழ்ந்த நிலையே உயரமாக இருக்கிறது. தகட்டின் கீழே தரையை மடித்த துணியால் உயர்த்தினால்தான் அவற்றின் முதுகு தொடும். வாத்துக்குஞ்சுகள் கூளத்தை நனைத்துக்கொண்டே இருப்பதால் தகட்டின் கீழ்ப்பகுதி ஈரமும் சூடுமாக மாறிவிடும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள கூளத்தில் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. ஆகவே எந்தப் பறவையானாலும் தகட்டின் கீழ்க் கூளத்தைத் தினமும் மாற்றுவதை நான் விடுவதில்லை. குஞ்சுகள் இரண்டு வாரம் ஆனதும் தகட்டின் மேலே ஏறி உறங்கத் தொடங்கிவிடும். அங்கு எச்சம் தடிமனாகப் படியும். மேலே கூம்பு வடிவ மூடியை விற்கிறார்கள். அது ஏறுவதைத் தடுக்கிறது, ஆனால் ஏறி உட்காரும் இன்பத்தைக் குஞ்சுகளிடமிருந்து பறிக்கவும் செய்கிறது. நான் மூடியைத் தவிர்த்து, கழுவிப் பயன்படுத்தக்கூடிய துணியை மேலே விரித்துவைக்கிறேன்.

மின்சாரம் சார்ந்த குறை ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு தகட்டில், பெயரைக் குறிப்பிடவில்லை, சிவப்பு அடையாள விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் உள்ளே சூடேற்றும் பகுதி செயலிழந்துவிட்டது. குஞ்சுகளின் கத்தல்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. அந்த விளக்கு மின்சாரம் வருவதைத்தான் சொல்கிறது, தகடு சூடாவதைச் சொல்வதில்லை. எனவே உறங்கப் போகும் முன் ஒரு முறை உள்ளங்கையை அடிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மின்தடையின்போது தகடு விரைவில் ஆறிவிடும். வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய புட்டிகளைத் தகட்டின் இருபுறமும் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டுக் காற்று நுழையச் சற்று இடைவெளி விட்டால் சில மணி நேரம் சமாளிக்கலாம். 12 வோல்ட் அடாப்டருடன் வரும் தகடுகளையே நான் விரும்புகிறேன். தண்ணீர்க் குவளை கவிழும் இடத்தில் வீட்டு மின்சாரம் நேரடியாக ஓடும் கம்பியை வைத்திருக்க மனம் ஒப்புவதில்லை.

குஞ்சுகளின் கூட்டத்தில் ஒன்று நொண்டியாகவோ பலவீனமாகவோ இருக்கும்போதுதான் இந்தக் கருவியின் எல்லை தெரியத் தொடங்குகிறது. வழுக்கும் தரையில் வளர்ந்த குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துபோகும். செய்தித்தாளையும் வழவழப்பான பிளாஸ்டிக்கையும் தரைக்குப் போடக் கூடாது என்பது அதனால்தான். சொரசொரப்பான ரப்பர் விரிப்போ துணியோ போட்டு, இரு கால்களையும் இயல்பாக நிற்கும் அகலத்தில் மென்மையான ஒட்டுப்பட்டையால் இணைத்துவிட்டால் சில நாட்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்த நாட்களில் அந்தக் குஞ்சால் தகட்டின் கீழிருந்து எழுந்து தண்ணீருக்குப் போக முடியாது, மற்றவை அதன் மீது ஏறி மிதிக்கும், இருட்டுக்குள் நடப்பது நம் கண்ணுக்கும் படாது. விளக்கின் கீழே இருந்திருந்தால் குறைந்தபட்சம் அதைப் பார்த்திருப்போம். இதற்கு நான் கண்ட தீர்வு, தகட்டின் குறுக்கே பெட்டியின் ஒரு மூலையைக் கம்பிவலையால் பிரித்துவிடுவது. தகட்டின் நான்கில் ஒரு பகுதி அந்த மூலைக்குள் வரும்படி வலையை நிறுத்தினால், நொண்டிக் குஞ்சுக்கு வெப்பமும் கிடைக்கும், அலகெட்டும் தூரத்தில் தண்ணீரும் தீவனமும் வைக்கலாம், வலைக்கு அப்பால் உறங்கும் கூட்டத்தின் ஒலியும் கேட்டுக்கொண்டிருக்கும். தனித்து விடப்பட்ட குஞ்சு ஓயாமல் கத்தி, வைத்திருக்கும் சிறிதளவு ஆற்றலையும் இழந்துவிடும் என்பதால் இந்தக் கடைசி நன்மையைச் சிறியதாக நினைக்க வேண்டாம். குஞ்சு பொரிக்கும் முன் உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் தாங்கும். அந்தக் கையிருப்பு தீரும் முன் அது தானாகக் குடிக்கவும் உண்ணவும் தொடங்கியிருக்க வேண்டும்.

இப்போது வளர்ந்த கோழியின் காயத்துக்கு வருகிறேன். நாயோ பருந்தோ கீரியோ தாக்கி, அல்லது கூட்டத்தில் உள்ள மற்ற கோழிகளே கொத்தி, முதுகுத் தோல் கிழிந்து வரும் கோழியை முதலில் தனிமைப்படுத்த வேண்டும். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும், ரத்தத்தின் சுவை கண்ட பிறகு நிறுத்தமாட்டா. அடுத்துச் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வெப்பம், பிறகு நீர், அதன் பிறகே உணவு. அதிர்ச்சியில் உடல் குளிர்ந்துபோன பறவையின் குடல் மெதுவாகவே இயங்கும். அந்த நிலையில் தீவனத்தைத் திணித்தால் அது கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையிலேயே தேங்கிப் புளித்துவிடும். தனியறையின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால் இறகு முழுவதும் உள்ள கோழிக்குப் போதும்.

இந்த இடத்தில்தான் தகட்டை மேசையாக வைக்காமல் சுவராக நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சில தகடுகளில் கால்களைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்துவதற்கான தாங்கிகளும் சேர்ந்தே வருகின்றன. அப்படி நிறுத்திய தகட்டை அட்டைப்பெட்டியின் அல்லது கூண்டின் ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கத்தை வெப்பமில்லாமல் விட்டுவிட வேண்டும். காயம்பட்ட பெட்டைக்கோழி ஒன்றை அவ்வாறு வைத்தபோது, முதலில் தகட்டிலிருந்து தள்ளி நின்றது. பிறகு காயமில்லாத பக்கத்தை அதை நோக்கித் திருப்பி, மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, சற்று நேரத்தில் அந்தப் பக்கச் சிறகை லேசாக விரித்து வெப்பத்தை வாங்கிக்கொண்டது. போதும் என்று தோன்றியதும் எழுந்து தண்ணீர் இருந்த பக்கம் போய்விட்டது. எழுந்து போக முடிந்ததால்தான் அந்தக் கோழிக்குத் தகடு உதவியாக அமைந்தது. கால் உடைந்தோ நினைவு மங்கியோ விலக முடியாமல் கிடக்கும் பறவைக்கு அதே வெப்பம் தொடர்ந்து ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். அத்தகைய பறவையைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, இடையில் மடித்த துணியைத் தொங்கவிட்டு, பறவை இருக்கும் இடத்தில் வெப்பமானியை வைத்து, மணிக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். குஞ்சுகளுக்குத் தேவைப்படாத வெப்பமானி இங்கே கட்டாயம் தேவை.

தலையில் அடிபட்ட கோழிக்கு வெப்பமே கொடுக்கக் கூடாது. வெப்பம் ரத்த நாளங்களை விரியச் செய்து மூளையின் வீக்கத்தைக் கூட்டும். தலை ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ, தள்ளாடி விழுந்தாலோ தகட்டை அணைத்துவிட்டு, இருட்டான, அமைதியான, இயல்பான வெப்பமுள்ள இடத்தில் வைத்து மருத்துவரை அணுக வேண்டும். தகட்டுடன் வரும் விளக்கத் தாள்களில் இந்த எச்சரிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை. நோயுற்ற பறவைகளுக்கும் உகந்தது என்று உறையில் அச்சிடுபவர்கள் இதையும் அச்சிட்டாக வேண்டும்.

வெப்பம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது காயத்தைக் கவனிக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் கிடைக்கும் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுவதே முதல் மருத்துவம். தோளை ஒட்டிய இறக்கை எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் மட்டும் அப்படிப் பீய்ச்சக் கூடாது. அந்த எலும்பின் உட்புறம் காற்றறைகளோடு இணைந்திருப்பதால் கழுவும் நீர் மூச்சுப்பாதைக்குள் போய்விடும். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளை அடியோடு கத்தரித்துவிட்டுத்தான் ஆழத்தை அளக்க வேண்டும். நாய்க்கடியில் வெளியே சிறு துளையும் தோலுக்கடியில் பெரிய கிழிசலும் இருப்பது வழக்கம். பூனை கடித்திருந்தால் துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வாய்க்கிருமிகள் ரத்தத்தில் கலந்து கொல்லக்கூடியவை என்பதால், கால்நடை மருத்துவரிடம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உடனே பெற வேண்டும். அம்மருந்து கொடுக்கும் நாட்களிலும் அவர் சொல்லும் கூடுதல் நாட்களிலும் அந்தக் கோழியின் முட்டையை உண்ணக் கூடாது. கோழியைப் பிடித்திருக்கும்போதும் துணியால் சுற்றும்போதும் மார்பை இறுக்குவது பெரிய ஆபத்து. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே வரும். நீரை வாய்க்குள் ஊற்றுவதும் ஆபத்தே. நாக்கின் பின்னால் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அது தானாக விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வெப்பமான தனியறையில் உள்ள காயத்தை ஈ தேடி வரும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். ஆகவே கூண்டைக் கொசுவலையால் மூடுவதும், நாளுக்கு இரு முறை காயத்தைத் திறந்து பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. வெயில் காலத்தில் அறை ஏற்கெனவே 28 டிகிரியைத் தாண்டியிருந்தால் தகடு தேவையே இல்லை. இந்தக் கவனிப்பு தொடர்ந்தால், முதுகில் சதை தெரியுமளவுக்குக் கிழிந்த காயங்கள்கூடச் சில வாரங்களில் ஓரங்களிலிருந்து சுருங்கி மூடிக்கொள்கின்றன. கோழித் தோலின் இந்த ஆற்றலை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு நம்புவது கடினமாகவே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பதும், விடியற்காலையில் தீனிப்பை காலியாகியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், பறவை தேறுகிறதா என்பதைத் தோற்றத்தைவிட உண்மையாகச் சொல்லும். நோயை மறைப்பதில் கோழிகள் வல்லவை.

தகட்டிலிருந்து விடுவிப்பதும் படிப்படியாக நடக்க வேண்டும். குஞ்சுகளுக்கு நான்காவது வாரத்திலிருந்து பகலில் அணைத்து இரவில் மட்டும் இயக்கி, அறையின் குளிரைப் பொறுத்து ஐந்தாவது ஆறாவது வாரத்தில் நிறுத்திவிடலாம். கீழே போகாமல் எல்லாம் தகட்டின் மேலேயே உறங்கினால் தேவை முடிந்துவிட்டது. காயம் ஆறிய கோழியைப் பொறுத்தவரை, வெப்பத்தை நிறுத்தி இயல்பான குளிரில் சில நாட்கள் வைத்த பிறகே கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். கத்தரித்த இடத்தில் இறகு முளைக்கும் முன் அனுப்பினால் குளிரும் தாக்கும், கொத்தும் விழும்.

ஒரு நோயாளியிடமிருந்து மற்றொரு தொகுதிக் குஞ்சுகளுக்குத் தகடு மாறும் வீடுகளில் சுத்தம் செய்வது எளிதா என்பதே வாங்குவதற்கு முன் நான் பார்க்கும் முதல் அம்சம். இவற்றை நீரில் முக்க முடியாது, துடைக்கத்தான் முடியும். அடிப்பக்கம் ஒரே தட்டையாக, பொருத்துகளோ திருகுகளோ இன்றி இருந்தால் கிருமிநாசினியில் நனைத்த துணி எல்லா இடத்தையும் தொடும். சில தகடுகளில் கால்கள் பொருந்தும் குழிகளில் எச்சம் புகுந்து இறுகிவிடுகிறது, பல்துலக்கும் தூரிகையால் குடைந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்ததாகக் கம்பி தகட்டின் மேற்புறத்திலிருந்து வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வரும் கம்பியைக் குஞ்சுகள் கொத்தும். கால்களின் உயரம் திருகினால் மாறுவதாக இருக்கட்டும். துளைகளில் குத்தி மாற்றும் வகையில் இரு நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி சிறு குஞ்சுகளுக்கு அதிகம். ஒரே ஒரு தகடுதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள், வைத்திருக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு கொள்ளளவு குறித்த, பக்கவாட்டில் நிறுத்தும் தாங்கியுடன் வரும், அடாப்டர் தனியாக விற்பனைக்குக் கிடைக்கும் தகட்டைத் தேர்ந்தெடுக்கலாம். தகடு பல ஆண்டுகள் நன்றாக உழைக்கிறது. முதலில் பழுதாவது பெரும்பாலும் அடாப்டர்தான், அதற்கு மாற்று கிடைக்காவிட்டால் நல்ல தகடும் வீணாகிவிடும்.